வாசலை மறைக்காதீங்க

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கோயிலில் திட்டு வாங்கினேன்.

கோயில் என்றால் மாதா கோயில். ஏற்காட்டில் கொட்டச்சேடு தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை. நான் போய்ச் சேரும்போதே பாதி முடிந்துவிட்டது. உள்ளே எல்லோரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நானோ அடுத்த மதத்துக்காரன். அதிலும் லேட்டாக வந்தவன். அடக்க ஒடுக்கமாக இருப்போமே என்று செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். கையைக்கூடக் கட்டிக்கொண்டேன். இதைவிட மரியாதையாக ஒரு மனுஷன் நிற்க முடியுமா, சொல்லுங்கள்?

பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

திரும்பினால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை.

"ஏனுங்க, வாசல்ல நிக்காதீங்க. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். அரை அடி.

"இன்னுந் தள்ளுங்க... அட, இந்தப் பக்கமுங்க! சுவத்தோரமா!"

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். எனக்குச் சுருக்கென்றது. சேலத்தில் டவுன் பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருவராவது 'நீங்க பத்திரிகையில எழுதறவருதானே?' என்று கேட்கிற ஆள் நான். இங்கே சட்டையைப் பிடித்து ஓரங்கட்டுகிறார்கள். வெளியூர்க்காரன் வாசலில் நிற்கக் கூடாது என்று ஏதாவது சட்டமா? அப்படியானால் ஒரு போர்டு வைக்க வேண்டியதுதானே?

ஓரத்தில் நின்று பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. உள்ளேயும் நட்டநடுவில் யாருமே உட்காரவில்லை. ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். நடுவே வாசலில் இருந்து பீடம் வரைக்கும் வெறும் தரை. வெளியில் பனி மூட்டம், சாரல் வேறு. அத்தனையும் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல உள்ளே போய்க்கொண்டிருந்தது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எல்லோரும் நடுங்குகிறார்கள். ஒரு குழந்தை விடாமல் தும்முகிறது. ஆனாலும் ஒருவர்கூட எழுந்து கதவைச் சாத்தவில்லை. இது என்ன பிடிவாதம்?

கொஞ்ச நேரத்தில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் கட்டம் வந்தது. பூசைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்... பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பி வணங்குவார்கள். இங்கேயும் வணங்கினார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. மொத்தக் கோயிலும் பீடத்துக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துத் திரும்பியது. ஃபாதர் உட்பட எல்லோரும் வாசலை நோக்கிக் கைகூப்பினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிக்கு இவ்வளவு மரியாதையா! திட்டினாலும் தங்கமான ஜனங்கள்! நானும் சுவரோரத்திலிருந்து தலையை நீட்டி, இரண்டு கையையும் கூப்பி, நன்றாகக் குனிந்து...

மறுபடி சட்டை இழுபட்டது.

"உங்களுக்கில்லீங்க. அங்க பாருங்க."

அந்தப் பெண்மணி கை காட்டிய பக்கம் திரும்பினேன். கோயில் வாசலுக்கு நேர் எதிரே, சின்ன முற்றத்தைத் தாண்டி, ஒரு வீடு. அதன் கதவும் அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒரு கட்டில். கட்டிலில் தலையணைகளை முட்டுக் கொடுத்து ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அவரும் இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார். ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர் பெயர் லூர்தம்மா. என் நண்பன் ஸ்டீபனின் தாயார்.

என்னை அன்றைக்கு மலைக்கு அழைத்து வந்ததே ஸ்டீபன்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். சேலத்தில் பிரியாணிக் கடை நடத்துகிறான். உழைத்து முன்னுக்கு வந்தவன், கையும் தாராளம். பிறந்த ஊர்க் கோயில் ஒழுகுகிறது, சுவர் வெடித்திருக்கிறது என்று தெரிந்ததும், 'மொத்தச் செலவும் என்னோடது' என்று சொல்லிவிட்டான். 'நீ வந்து பாரு, உன் பத்தியில நாலு வரி எழுது' என்று என்னைக் காரில் அள்ளிப்போட்டுக் கொண்டு வந்தான். நான் கோயில் வாசலில் நின்ற நேரத்தில் அவன் இன்ஜினியரோடு பின்பக்கம் ரோட்டோரத்தில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று யாராவது கிளம்பினாலே எனக்குப் பயம்தான். கருங்கல் மேல் டைல்ஸ் ஒட்டுவார்கள். மரக் கதவைக் கழற்றிவிட்டு ஷட்டர் போடுவார்கள். ஆனால் இந்தக் கோயிலைப் பார்த்தபோது, நண்பன் சொல்வது நியாயம் என்றுதான் பட்டது. ஓட்டுக்கு மேல் தார்ப்பாய். தார்ப்பாய்க்கு மேல் கல். சுவரில் கையே நுழைகிற வெடிப்பு.

ஆனால் என்ன சுவர்! கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினது. முதலில் இது கோயிலே இல்லையாம். வெள்ளைக்கார துரை காலத்தில் காப்பிக் கொட்டை மூட்டைகளை அடுக்கிவைத்த குடோன். ரோட்டுப் பக்கம் புது குடோன் கட்டியதும் இது சும்மா கிடந்தது. அதுவரைக்கும் மரத்தடியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் போய்க் கேட்டிருக்கிறார்கள். துரை கொடுத்துவிட்டார். அவர்கள் கழுவி, வெள்ளையடித்து, ஒரு மாதா சொரூபத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவ்வளவுதான்... கோயில் ஆகிவிட்டது.

மூட்டையோடு ஆள் நுழைய வேண்டும் என்பதால் வாசல் ரொம்ப அகலம். தொழிலாளர்கள் இறங்கி வர வசதியாக, அவர்களுடைய லைன் வீடுகளைப் பார்த்தபடி வாசல். லைன் வீடு தெரியும் அல்லவா? எஸ்டேட் ஆட்களுக்காக ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கட்டின வீடுகள். காலையில் வேலைக்குக் கூப்பிட அடித்த மணிதான் இப்போதும் கோயில் மணி. 'பூசைக்கு மணி அடிச்சாலே எங்கூர் ஆளுங்களுக்குக் கால் தோட்டத்துப் பக்கம் போகப் பாக்கும்' என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். மழை பிடித்தால் சுவரில் காப்பி வாசம் வரும் என்று சத்தியம் செய்தார்கள். நானும் சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். எனக்கு வரவில்லை. உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றார்கள்.

பூசை முடிந்ததும் ஸ்டீபன் வந்தான். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஊர்க் கூட்டம். பெரிய காகிதத்தை விரித்துத் திட்டத்தை விளக்கினான்.

"இப்ப வாசலுக்கு வரோணும்னா ரோட்டுல இறங்கி, சேத்துல சுத்திக்கிட்டு வரவேண்டியிருக்குது. வயசானவங்க எத்தனை பேர் வழுக்கி உழறீங்க? அதனால வாசலை ரோட்டுப் பக்கம் திருப்பிடறோம். கோபுரம் அங்க வரும். கார் நேரா வந்து நிக்கும். பீடம் இந்தப் பக்கம் வந்துரும்..."

"இந்தப் பக்கம்னா?" என்று கேட்டேன்.

"இப்ப வாசல் இருக்குதே, அந்த இடத்துல. வாசலை அடைச்சுச் சுவர் எழுப்பி, அது மேல பீடம். கோபுரத்துக்குக் கீழ கருங்கல்லுல எங்கம்மா பேரு. அடுத்த திங்கட்கிழமை இடிக்க ஆரம்பிக்கிறோம்."

நான் ஊர்க்காரர்களைப் பார்த்தேன். ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபாதர் இரண்டு தடவை கேட்டார், 'யாருக்காவது ஏதாவது சொல்லோணுமா' என்று. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் சட்டையை இழுத்த பெண்மணி மட்டும் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவர் பெயர் ரீத்தா. லூர்தம்மாவின் தங்கை மகள், அடுத்த வீடு. அந்த அம்மாவைக் கூட இருந்து பார்த்துக்கொள்வது அவர்தான். பின்னாலேயே போய்ப் பிடித்தேன்.

"ஏம்மா, அந்த வாசல்தானே உங்க பெரியம்மாவுக்கு எல்லாம்? அடைக்கப்போறாங்க. யாரும் பேசாம இருக்கீங்களே?"

"எப்படிங்க பேசறது? ஊடு ஊடாப் போயிச் சொல்லிட்டு வரச் சொல்லிருச்சுங்க பெரிம்மா. 'எம்பையன் மனசு நோகக் கூடாது, ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது'ன்னு. அந்தத் தூதுக்குப் போனதே நாந்தானுங்க" என்றார். கண் கலங்கிவிட்டது.

ஸ்டீபனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு இது தெரியவே தெரியாது. போன மழைக்காலத்தில் சரிவில் விழுந்து அம்மாவுக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஊரில் இந்த வழக்கமே வந்தது. பிரியாணிக் கடைக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிட நேரம் ஏது? வாரநாளில் வருவான், அம்மாவைப் பார்ப்பான், போவான். திருவிழாவுக்கு வருவான். அன்றைக்குப் பூசை வெளியே பந்தலில். 'சேலத்துக்கு வாம்மா' என்று கெஞ்சிப் பார்த்தும் அம்மா வரவில்லை. சரி என்று அந்த லைன் வீட்டையே விலைக்கு வாங்கி, டைல்ஸ் போட்டு, கட்டிலுக்கு எதிரே பெரிய டிவி மாட்டியிருந்தான்.

லூர்தம்மாவைப் போய்ப் பார்த்தேன். கல்லூரி நாட்களில் பார்த்த அதே சிரிப்பு.

"வா கண்ணு. அங்க ஓரமா நின்னது நீதானா? ரீத்தா கிட்டத் திட்டு வாங்கினியாட்டம் இருக்குது?"

எல்லாம் பார்த்திருக்கிறார்!

"அம்மா, வாசலை அடைக்கப்போறானே உங்க பையன்..."

"ஆமாங் கண்ணு. கோயில்ல கேமரா வெக்கறானாம். டிவியிலயே பூச பாக்கலாமாம். ஃபாதரோட மூக்குக்கண்ணாடி வரைக்கும் தெரியுமாம்."

"நல்லதுதானே?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டிவியில நான் அவங்கள நல்லாப் பாக்கலாஞ் சாமி. அவங்க என்னைய எங்க பாக்கறது?"

எதிரே கோயில் வாசலைக் கை காட்டினார்.

"அங்க கைகூப்பறாங்க பாரு, அப்பத்தான் நானும் ஒரு ஆளுன்னு இருக்குது. ஒரு வாரம் ஒருத்தி திரும்பலீன்னா, ஏன், என்ன கோவமோன்னு ரீத்தாவ அனுப்பிக் கேப்பேன். பூச முடிஞ்சு நன்மை கொண்டாருவாரு ஃபாதரு. நடுவுல உட்ட அந்த வழியில நேரா வருவாரு. தொலைவுல வரும்போதே எனக்கு மனசு நெறைஞ்சுரும்."

நன்மை என்பது பூசையில் வாங்கும் அப்பம். நோயாளிகளுக்கு ஃபாதர் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பார்.

"இதை அவன்கிட்டச் சொல்லுங்களேன்மா."

"எப்படிச் சொல்ல? சின்னதுல போட்டுக்க நல்ல சட்டையில்லாம கோயில்ல கடைசியில ஒளிஞ்சு நிப்பான். இன்னைக்குக் கோயிலையே கட்டித் தரேங்கறான். நொம்ப ஆசையாப் பண்றான் கண்ணு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வருமா? நீயும் சொல்லக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறு வழி?

மலை இறங்கும்போது காரில் ஸ்டீபன் கோபுரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். எனக்கோ நாக்கு துறுதுறுவென்றது. உங்களுக்குத் தெரியாதா, என் வாயில் ஒரு விஷயம் தங்காது. ஆனால் சத்தியம்... அதுவும் மாதா மேல். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு பொய் சொன்னேன்.

"பத்தியில போட உங்கம்மாவோட போட்டோ வேணும்டா. ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல, நீயும் கட்டில்ல அவங்க பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி."

இந்தப் பத்தியில் என் போட்டோவையே தபால்தலை அளவுக்குத்தான் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கிழமையா? கடைய யாரு பாப்பா?" என்று குதித்தான். ஆனால் அம்மாவின் போட்டோ என்றதும் மனசு கேட்கவில்லை. வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு, பூசை மணி அடிக்கும்போது அவன் கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் மூலையில் செல்போனை வைத்துக்கொண்டு போட்டோகிராபர் வேஷம்.

"பூசைக்குப் போகாம இங்க என்னடா உக்காந்திருக்கே?" என்று கேட்டார் லூர்தம்மா.

"இவன் போட்டோ எடுக்கோணுமாம்மா."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் செல்போனைத் துடைக்க ஆரம்பித்தேன்.

பூசை தொடங்கியது. ஸ்டீபன் கடைக்கு மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்தில் அம்மா ஒவ்வொரு ஜெபத்துக்கும் கோயிலோடு சேர்ந்து சத்தமாகப் பதில் சொன்னார். பாட்டு வந்தால் பாடினார். அவன் மெல்ல நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். பிறகு அம்மா பார்க்கிற பக்கம் பார்த்தான். இரண்டு கதவுகளும், நடுவே வெறும் தரையும், அதன் கோடியில் மெழுகுவர்த்தி எரிகிற பீடமும் நேராகத் தெரிந்தன. செல்போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான்.

அப்போது யாரோ ஒரு டூரிஸ்ட் ஆசாமி குடையை விரித்தபடி வந்து கோயில் வாசலில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக! பீடம் மறைந்துபோயிற்று. அம்மா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"யார்ரா அது அறிவில்லாம? மறைச்சுக்கிட்டு!" என்று ஸ்டீபன் பாதி எழுந்துவிட்டான்.

எழுந்தவன் அப்படியே நின்றான். ரீத்தா போய்க் குடைக்காரரை ஓரங்கட்டிவிட்டார். இவன் உட்காரவில்லை. என்னைப் பார்த்தான். நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக. திரும்பி அந்த வாசலையே பார்த்தான்.

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. கோயில் மொத்தமும் திரும்பியது. எல்லோரும் கைகூப்பினார்கள். ஒரு தகப்பன் தோளில் இருந்த குழந்தையின் கையைச் சேர்த்துப் பிடித்துக் கும்பிடவைத்தான். லூர்தம்மா எல்லோருக்கும் தலையசைத்தார். பக்கத்தில் ஸ்டீபனைப் பார்த்ததும் ரீத்தா சிரித்துவிட்டார். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஸ்டீபனும் கைகூப்பினான்.

கடைசியாக அம்மா அவன் பக்கம் திரும்பி, பெற்ற பிள்ளைக்கும் கைகூப்பினார்.

"சமாதானஞ் சாமி."

அவன் கட்டிலுக்குக் கீழே மண்டியிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"சொல்லியிருக்கலாம்லம்மா... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல..."

"கல்லு கறுப்பா செவப்பான்னு கேட்ட. பெயிண்டு என்ன கலர்னு கேட்ட. டிவி எத்தனை பெருசுன்னு கேட்ட. எனக்கு என்ன வேணும்னு நீ கேக்கவே இல்லியே சாமி" என்றார் லூர்தம்மா. குற்றம் சொல்லும் குரலே இல்லை. தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

அவன் வாய்விட்டு அழுதான். நான் மட்டும் சும்மா இருந்தேனா? நானும்தான்.

அதற்குள் ஃபாதர் நன்மையோடு அந்த நடு வழியில் நேராக நடந்து வந்துகொண்டிருந்தார். அழுத கண்ணோடு ஸ்டீபனும் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருந்து வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை வேலை ஆரம்பித்துவிட்டது. கூரைதான் முதலில். வெடித்த சுவரைச் சுண்ணாம்பு வைத்தே பூசுகிறார்கள். ரோட்டிலிருந்து வழுக்காமல் இறங்கிவரப் படிக்கட்டும், பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவும். கோபுரத்தை விட்டுவிட்டார்கள். பெரிய வாசல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 'அதுல ஒரு கல்லைத் தொட்டாலும் உன்னைத் தொலைச்சுருவேன்' என்று இன்ஜினியரை மிரட்டிக்கொண்டிருக்கிறான் ஸ்டீபன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவோடு தங்கிவிட்டான். அவன் காரை எடுத்துக்கொண்டு நான் தனியாக மலை இறங்கினேன். மனசு ஒரு நிலையில் இல்லை. என் அம்மா ஆத்தூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். நானும்தான் எவ்வளவு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்... டச் போன், மசாஜ் நாற்காலி, கால் வலிக்கு ஏதோ ஒரு மெஷின். எல்லாம் நானே பார்த்து, நானே முடிவு பண்ணி வாங்கினவை. ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டி, வண்டியை ஓரங்கட்டி, போன் போட்டேன்.

"அம்மா... உனக்கு என்னம்மா வேணும்?"

கொஞ்சம் தயக்கத்தோடு அம்மாவின் குரல் வந்தது.

"யாருங்க பேசறது?"